வட்டத்துக்கு மட்டும் காசு

பாய்லர் வெடித்த ஜனவரியில்
டிஜிட்டல் கேமராவை விற்றேன்.
உடலுக்குத்தான் விலை.
அதோடு வந்த லென்ஸை யாரும் கேட்கவில்லை.
"ஏழு யூரோ, அதுவும் உன் முகத்துக்காக"
என்றான் கடைக்காரன்.
முகத்தையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு
வெளியே வந்துவிட்டேன்.

த்ரியேஸ்தேயில்
மூன்றாம் ஞாயிறு பழஞ்சந்தை.
பித்தளைக் குழாய்களுக்கும்
ஒற்றை ஸ்கேட்டிங் காலணிக்கும் நடுவே
லென்ஸ் இல்லாத ஃபிலிம் கேமரா ஒன்று
வாய் திறந்து கிடந்தது.
எண்பத்து மூன்றில் பிறந்ததாம்.
ஒரே கம்பெனி, ஒரே பூட்டு.
அரைத் திருகு. கிளிக்.
இருபது வருஷ வித்தியாசம்
அவ்வளவு சின்னச் சத்தத்தில் மூடிக்கொண்டது.

முதல் சுருள் முழுக்கத் துறைமுகக் கிடங்கு:
நான் எடை போடும் காப்பி மூட்டைகள்,
பச்சைக் கொட்டையின் தூசி,
ஃபோர்க்லிஃப்ட்டில் சாண்ட்விச் தின்னும் ஜ்தென்கா.
இருட்டறையிலிருந்து வந்த தூலியோ
ஈரச் சுருளை விளக்கில் பிடித்தார்.
ஒன்றுமில்லை. சவ்வுத்தாள்.

"நெவியா, இந்த லென்ஸில் வளையம் எங்கே?"
எந்த வளையம்?
"கண்மணியைச் சுருக்கி விரிக்கும் வளையம்.
இதற்கு உத்தரவு போட மின்சாரம் வேண்டும்.
இந்தக் கிழ உடம்புக்கு அந்தப் பாஷை தெரியாது.
நீ பார்க்கிறவரை கண் அகலத் திறந்திருக்கும்.
எடுக்கிற நொடியில்
ஊசித்துளையாக மூடிக்கொள்ளும்."

அப்படிப்பட்டவர்களோடு
குடும்பமே நடத்தியிருக்கிறேன், தூலியோ.
சொல்லவில்லை. புதுச் சுருள் வாங்கினேன்.

ஊசித்துளைக்கு நேரம் வேண்டும்.
எனக்குக் கொடுக்க அதுதான் இருந்தது.

போரா இறங்கிய பிப்ரவரி.
குப்பைத்தொட்டிகளைக்
கையைப் பிடித்துக் கடலுக்குக் கூட்டிப்போகும் காற்று.
நீண்ட கல்துறையில் குப்புறப் படுத்து
முழங்கையை முக்காலியாக்கி
அரை நொடி, ஒரு நொடி, இரண்டு.
படத்தில் நகரமே கலங்கிய பால்.
கப்பல் கட்டும் இரும்புக் குமிழ் மட்டும் துல்லியம்.
அதைக் கட்டிப்பிடித்திருந்த தபால்காரரும்.

பிறகு அந்த மூலைகள்.
சின்னச் சென்சாருக்குப் பிறந்த லென்ஸ்
பெரிய ஃபிலிமுக்குப் போர்வை போதவில்லை.
நடுவில் வட்டமாக உலகம்,
நாலு மூலையிலும் கரி.
வாஷிங் மெஷின் கதவு வழியாக
ஊரைப் பார்ப்பதுபோல.

ஜூம் வளையத்தை
முப்பத்தைந்துக்குத் திருப்பினால்
கரி விலகிவிடும் என்றார் தூலியோ.
விலகியது.
மூலைவரை சுத்தமான பன்னிரண்டு படங்கள்.
யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.
திருப்பிப் பதினெட்டுக்கே வந்தேன்.

கடைசிப் படம், முப்பத்தாறு.
சான் ஜியாகோமோவில், மூடப்போகும் காப்பிக்கடை.
கேமராவைச் சர்க்கரை டப்பா மேல் வைத்து
ஷட்டரைத் திறந்துவிட்டு
எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.
காப்பி கொண்டுவந்த பையன், பில் கேட்டவர்,
கோட்டு மாட்டிய மூன்று பெண்கள்,
எல்லோரும் அந்த இருபது நொடிக்குள்
குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள்.
நான் மட்டும் அசையவில்லை.
சத்தியமாக அசையவில்லை.

படத்தில் இயந்திரம் இருக்கிறது, அதன் கைப்பிடிகள்,
கவிழ்த்த கோப்பைகள், ஈரத்துணி.
நடந்தவர்கள் யாரும் இல்லை.
என் இடத்தில்
முதுகுச் சட்டத்தின் ஐந்து பட்டைகளும்
எண்ணக்கூடிய ஒரு நாற்காலி.
அதன் மேல் யாரோ மூச்சுவிட்டதுபோல்
லேசான புகை,
கழுத்துச் சங்கிலி உட்பட.

தூலியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பிறகு பில் எழுதினார்.
அடித்தார். மறுபடி எழுதினார்.
"வட்டத்துக்கு மட்டும் காசு.
மூலைகளில்
நான் ஒன்றும் கழுவவில்லை."